சூட்டில் பிறக்கும் நுண்கட்டமைப்பு

போயிங் 777 விமானங்கள் சிலவற்றில் பிராட் அண்ட் விட்னி 4000 வரிசை எஞ்சின்கள் பொருத்தப்பட்டிருக்கின்றன. எஞ்சினின் முன்னால் சுழலும் பெரிய விசிறிக்குப் பின்புறம் அசையாத தகடுகள் வரிசையாக நிற்கும். விசிறி சுழற்றி அனுப்பும் காற்றை நேராக்குவது அவற்றின் வேலை. கார்பன் இழையும் பிசினும் கலந்து செய்யப்பட்ட பழைய தகடுகளின் இடத்துக்கு வேறொரு பொருள் வந்தது. 6092 என்ற அலுமினியக் கலவைக்குள், கன அளவில் 17.5 சதவீதம் சிலிக்கான் கார்பைடு துகள் சேர்த்த கூட்டுப்பொருள் அது. ஆலங்கட்டியோ பறவையோ வந்து மோதினால் தாங்குவதில் இது மேலானதாக இருந்தது.

அந்தத் தகடு செய்யப்பட்ட விதம்தான் இந்த அத்தியாயத்தின் பொருள். கூட்டுப்பொருளை உருளையாக்கிச் சூடேற்றி, அதைவிடச் சிறிய வாய் கொண்ட டையின் வழியே பெரும் அழுத்தத்தில் பிதுக்கி எடுத்தார்கள். தொழிற்சாலைகளில் இதை எக்ஸ்ட்ரூஷன் என்பார்கள். சிலிக்கான் கார்பைடு என்பது உப்புத்தாளிலும் சாணைக்கல்லிலும் இருக்கும் பொருள். பிதுக்கும் வெப்பநிலையில் அலுமினியம் இளகிக் குழைந்து ஓடும். அந்தத் துகளோ சிறிதும் வளையாது. ஆறில் ஒரு பங்குக்கும் மேல் வளையாத துகளைச் சுமந்துகொண்டு ஓர் உலோகம் குறுகிய வாய் வழியே எப்படி நுழைகிறது? நுழைந்து வெளிவரும்போது அதன் உள்ளே என்னென்ன மாறியிருக்கும்?

சூட்டில் அழுத்துவது, அடிப்பது, உருட்டுவது, பிதுக்குவது எல்லாவற்றையும் சேர்த்துச் சூட்டு உருமாற்றம் என்று அழைப்போம். பொருளுக்கு வெளி வடிவம் தருவதற்கான வேலை என்றே பலரும் இதை நினைக்கிறார்கள். அலுமினியக் கூட்டுப்பொருளில் அதைவிடப் பெரிய வேலை உள்ளே நடக்கிறது. வார்ப்பின்போது அரைகுறையாக விடப்பட்ட பொருள், இந்தக் கட்டத்தில்தான் முழுப் பொருளாகிறது. தவறான சூட்டிலும் தவறான வேகத்திலும் அழுத்தினால் இதே கட்டத்தில்தான் பாழாகவும் செய்கிறது.

வார்ப்பு விட்டுச்செல்லும் குறைகள்

அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம். சிலிக்கான் கார்பைடுக்கு 3.2. எடையில் வித்தியாசம் சிறிதுதான். விறைப்பில் வித்தியாசம் மிகப் பெரிது. அலுமினியத்தின் மீள்தன்மை எண் 70 கிகாபாஸ்கல். சிலிக்கான் கார்பைடுக்கு 400-க்கும் மேல். ஐந்தில் ஒரு பங்கு துகள் சேர்த்தால் கூட்டுப்பொருளின் விறைப்பு ஏறத்தாழ 100 கிகாபாஸ்கலைத் தொடும். எடை அதிகம் கூடாமல் விறைப்பு கூடுகிறது என்பதால்தான் விமானம், விண்கலம், வாகனம் என்று எல்லாத் துறைகளும் இதை நாடுகின்றன.

கலப்பதுதான் சிக்கல். உருகிய அலுமினியம் சிலிக்கான் கார்பைடு போன்ற சுட்டாங்கல் (செராமிக்) வகைத் துகள்களின் மேல் எளிதில் ஒட்டிப் படராது. துகளைத் தூவினால் மேலே மிதக்கும், அல்லது கூட்டமாகத் திரண்டு உள்ளே போகும். 1960-களின் நடுவில் அமெரிக்காவில் பிரதீப் ரோகட்கியும் அவருடைய குழுவினரும் கிராஃபைட் துகளின் மேல் நிக்கல் பூசி இந்தத் தடையைக் கடந்தார்கள். பின்னர் இந்தியா திரும்பிய ரோகட்கி, எம். கே. சுரப்பாவுடன் சேர்ந்து துகள்களை உருகிய அலுமினியத்தில் கிளறிக் கலந்து வார்க்கும் முறையைப் பற்றி 1981-இல் வெளியிட்ட கட்டுரையை இத்துறையினர் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். உருகிய உலோகத்தில் கொஞ்சம் மக்னீசியம் சேர்த்தால் துகளோடு ஒட்டுதல் மேம்படுகிறது. சூட்டைக் கூட்டினாலும் ஒட்டுதல் மேம்படும். ஆனால் அளவு மீறினால் அலுமினியமும் சிலிக்கான் கார்பைடும் வினைபுரிந்து அலுமினியம் கார்பைடு உண்டாகும். அது நொறுங்கும் பொருள், ஈரம் பட்டால் சிதையும் பொருள். சிலிக்கான் அதிகமுள்ள அலுமினியக் கலவையைத் தேர்ந்தெடுப்பது இந்த வினையைத் தடுக்க உதவுகிறது.

எவ்வளவு கவனமாகக் கிளறினாலும், உறையும் நேரத்தில் இன்னொரு சிக்கல் வருகிறது. அலுமினியம் உறையத் தொடங்கும்போது படிகங்கள் மரக்கிளை போல வளரும். வளரும் கிளைகள் துகள்களைத் தள்ளிக்கொண்டே போய், கடைசியாக உறையும் இடுக்குகளில் குவித்துவிடும். கேழ்வரகுக் களி கிண்டும்போது மாவு கட்டிதட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குவியலின் உள்ளமைப்பு உடனே புரியும். கட்டியின் வெளித்தோல் வெந்திருக்கும், உள்ளே மாவு உலர்ந்தே கிடக்கும். துகள் குவியலிலும் வெளிப்புறத் துகள்களையே அலுமினியம் சூழ்ந்திருக்கும். உள்ளே துகளோடு துகள் உரசிக்கொண்டு, நடுவே காற்றும் வெற்றிடமுமாக இருக்கும். களிக் கட்டியை வேகமாகக் கிளறினால் அது உடையாது. துடுப்பால் பானையின் பக்கத்தில் வைத்து அழுத்தித் தேய்க்க வேண்டும். இங்கும் அப்படியே. குவியலைக் கலைக்க அழுத்தமும் வழுக்கலும் சேர்ந்து வேண்டும்.

உருக்காமல் செய்யும் வழியும் உண்டு. அலுமினியப் பொடியையும் சிலிக்கான் கார்பைடு பொடியையும் கலந்து, இறுக்கி, சூட்டில் ஒட்டவைப்பார்கள். துகள் பரவல் இதில் நன்றாக இருக்கும். ஆனால் ஒவ்வோர் அலுமினியப் பொடித்துகளையும் சில நானோமீட்டர் தடிப்புள்ள ஆக்சைடு தோல் மூடியிருக்கும். தோலோடு தோல் தொட்டுக்கொண்டிருக்கும்வரை உலோகமும் உலோகமும் முழுமையாக ஒட்டாது. அந்தத் தோலைக் கிழித்துப் புது உலோகத்தை வெளிக்கொண்டுவர, பொருளை நன்றாக நீட்டித் தேய்த்தாக வேண்டும்.

எந்த வழியில் வந்தாலும் பொருள் குறையோடுதான் வருகிறது. குவியல், துளை, ஆக்சைடு தோல் என்ற மூன்றையும் களையும் வாய்ப்பு சூட்டு உருமாற்றத்தில் கிடைக்கிறது.

450 டிகிரியில் அலுமினியம்

துகளை ஒதுக்கிவைத்து, வெறும் அலுமினியத்துக்குச் சூட்டில் என்ன நேர்கிறது என்று முதலில் பார்ப்போம்.

உலோகம் என்பது கோடிக்கணக்கான சிறு படிகங்களின் தொகுப்பு. ஒவ்வொரு படிகமணியிலும் அணுக்கள் வரிசை தவறாமல் அடுக்கப்பட்டிருக்கும். அந்த அடுக்கில் இடையிடையே கோடு போன்ற குறைகள் உண்டு. அவற்றை இடப்பிறழ்வுகள் என்கிறோம். உலோகம் வளைவதும் நீள்வதும் இந்தக் கோடுகள் நகர்வதால்தான். அறை வெப்பநிலையில் வளைக்க வளைக்க இடப்பிறழ்வுகள் பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். உலோகம் இறுகிப்போகும்.

அலுமினியம் உருகுவது 660 டிகிரி செல்சியஸில். தனி வெப்பநிலை அளவில் 933 கெல்வின். 450 டிகிரி என்பது 723 கெல்வின். உருகுநிலையில் முக்கால் பங்குக்கும் மேல். இந்தச் சூட்டில் அணுக்கள் இடம்விட்டு இடம் தாவிக்கொண்டே இருக்கும். சிக்கிய இடப்பிறழ்வுகள் ஏறியும் இறங்கியும் விடுபடும். எதிரெதிர் வகையைச் சேர்ந்த இரண்டு சந்தித்தால் இரண்டும் அழியும். அலுமினியத்தில் இது மிக எளிதாக நடக்கும். அதன் படிக அடுக்கில் ஓர் இடப்பிறழ்வு இரண்டாகப் பிளந்து அகல விலகுவதில்லை என்பதால், ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு மாறுவது அதற்குச் சிரமமில்லை. செம்பிலும் துருவேறா எஃகிலும் இந்த வசதி குறைவு.

அழியாமல் எஞ்சும் இடப்பிறழ்வுகள் வரிசையாக நின்று மெல்லிய சுவர்களாகின்றன. அந்தச் சுவர்கள் பெரிய படிகமணியைச் சிறு அறைகளாகப் பிரிக்கின்றன. இவை துணைமணிகள். பக்கத்துப் பக்கத்து அறைகளுக்கிடையே படிகத் திசை ஓரிரு டிகிரிதான் மாறியிருக்கும். சுவர்கள் இடிந்து மீண்டும் எழுந்துகொண்டே இருப்பதால், உலோகத்தை எவ்வளவு நீட்டினாலும் துணைமணிகள் நீளாமல் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். அழுத்தும்போதே நடக்கும் இந்தச் சீரமைப்புக்கு இயங்கு மீட்சி என்று பெயர். கனடாவின் ஹியூ மெக்குவீன் அலுமினியத்தில் இதைப் பல பத்தாண்டுகள் விரிவாக ஆராய்ந்தார்.

துணைமணியின் அளவைச் சூடும் வேகமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இரண்டையும் ஒரே எண்ணுக்குள் அடக்கலாம் என்று 1944-இல் கிளாரன்ஸ் ஜீனரும் ஜான் ஹெர்பர்ட் ஹாலமனும் எஃகை வைத்துக் காட்டினார்கள். சூட்டைக் குறைப்பதும் வேகத்தைக் கூட்டுவதும் உலோகத்தைப் பொறுத்தவரை ஒரே திசையில் வேலை செய்கின்றன. ஜீனர்–ஹாலமன் எண் இரண்டிலும் ஏறுகிறது. அணுத் தாவலுக்கான ஆற்றல் தடை அலுமினியத்தில் மோலுக்குச் சுமார் 142 கிலோஜூல். அதை வைத்துக் கணக்கிட்டால், 350-லிருந்து 450 டிகிரிக்குப் போகும்போது மீட்சி நாற்பது மடங்குக்கும் மேல் விரைவாகிறது. எண் குறையக் குறையத் துணைமணிகள் பெரிதாகும், உலோகம் மென்மையாகும். எண் ஏறினால் துணைமணிகள் சிறுத்து, சுவர்கள் தடித்து, உலோகம் கடினமாகும்.

ஒரு துகளின் ஓரத்தில்

இப்போது அந்த அலுமினியத்துக்குள் பத்து மைக்ரான் அகலமுள்ள ஒரு சிலிக்கான் கார்பைடு துகளை வைப்போம். சுற்றிலும் உலோகம் ஓடுகிறது, துகள் ஓடாது. துகளை ஒட்டிய உலோகம் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அந்த மெல்லிய வளையத்தில் உருமாற்றம் மற்ற இடங்களைவிடப் பல மடங்கு கூடும், இடப்பிறழ்வுகள் நெருக்கியடித்துக் குவியும். உலோகம் வெவ்வேறு பக்கம் திருப்பப்படுவதால் படிகத் திசையும் அங்கே வேகமாக மாறும். துகளின் முனைகளில் இது இன்னும் தீவிரமாக இருக்கும்.

இந்த வளையம் புதிய படிகமணிகள் பிறப்பதற்கு ஏற்ற இடம். தேங்கிய ஆற்றல் அங்கே அதிகம். படிகத் திசை வெகுவாக மாறியிருப்பதால், அங்கே தோன்றும் ஒரு சிறு துணைமணி தன் அண்டைகளிலிருந்து 15 டிகிரிக்கு மேல் விலகித் தனி மணியாகிவிட முடியும். பிறகு அது பக்கத்தில் உள்ள நைந்த உலோகத்தை விழுங்கி வளரும். இப்படிப் புதிய, குறையற்ற மணிகள் உருவாவதை மறுபடிகமாதல் என்கிறோம். துகள் தூண்டும் மறுபடிகமாதலை அலுமினியத்தில் தெளிவாக விளக்கியவர் இங்கிலாந்தின் ஜான் ஹம்ஃப்ரீஸ். 1977-இல் வெளிவந்த அவருடைய ஆய்வு, ஏறக்குறைய ஒரு மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களே இந்த வேலையைச் செய்ய முடியும் என்று காட்டியது. அதைவிடச் சிறிய துகளின் வளையம் மிகச் சிறிதாக இருப்பதால் அதில் பிறக்கும் மணி நிலைத்து வளர்வதில்லை.

சூடு இதிலும் தலையிடுகிறது. வெப்பநிலை மிக அதிகமாகவும் அழுத்தும் வேகம் மிகக் குறைவாகவும் இருந்தால், துகளின் ஓரத்தில் இடப்பிறழ்வுகள் குவிவதற்கு முன்பே அணுக்கள் ஊர்ந்து வழிவிட்டுவிடும். குவியல் இல்லையென்றால் தூண்டலும் இல்லை. ஒரே கூட்டுப்பொருளை 500 டிகிரியில் மெதுவாக அழுத்தினால் பெரிய துணைமணிகளும், கொஞ்சம் சூடு குறைத்து வேகம் கூட்டினால் துகளைச் சுற்றிப் புத்தம்புதிய சிறு மணிகளும் கிடைப்பதன் காரணம் இதுதான். வெறும் அலுமினியத்தில் சூட்டில் அழுத்தும்போதே மறுபடிகமாதலைக் காண்பது அரிது. துகள் சேர்ந்ததும் அது சாத்தியமாகிறது.

துகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. பிறந்த மணிகளைப் பெரிதாக விடாமல் அது எல்லைகளைப் பிடித்து நிறுத்தும். மணியின் எல்லை ஒரு துகளைக் கடக்க வேண்டுமானால் ஆற்றல் செலவிட வேண்டும். துகள் சிறிதாகவும் எண்ணிக்கை மிகுதியாகவும் இருந்தால் பிடிப்பு வலுக்கும். ஜீனர் தந்த எளிய கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம். பத்து மைக்ரான் குறுக்களவுள்ள துகள் 20 சதவீதம் இருந்தால், மணிகள் சுமார் 33 மைக்ரான் அளவில் நின்றுவிடும். நூறு நானோமீட்டர் துகள் ஒரே ஒரு சதவீதம் இருந்தால் சுமார் 7 மைக்ரானிலேயே நின்றுவிடும். இருபது பங்கு பெரிய துகள்களைவிட ஒரு பங்கு நுண்துகள் வலுவாகப் பிடிக்கிறது! பெரிய துகள் புதிய மணியைப் பிறப்பிக்கிறது, நுண்துகள் அதை வளராமல் நிறுத்துகிறது. இரண்டு அளவுகளையும் சேர்த்துக் கலக்கும் கூட்டுப்பொருள்களை இன்று ஆய்வாளர்கள் நாடுவதற்கு இந்த வேலைப் பங்கீடு ஒரு முக்கியக் காரணம்.

ஏழு நொடியும், நொடியில் நூற்றில் ஏழு பங்கும்

இதையெல்லாம் ஆய்வகத்தில் எப்படிக் கண்டறிகிறார்கள்? பெரும்பாலும் ஒரு சிறு உருளையை நசுக்கித்தான். பத்து மில்லிமீட்டர் குறுக்களவு, பதினைந்து மில்லிமீட்டர் உயரம். பக்கவாட்டில் வெப்ப இரட்டைக் கம்பி ஒட்டப்பட்டிருக்கும். இரு முனைகளிலும் உராய்வைக் குறைக்கக் கிராஃபைட் தாள். மின்சாரத்தைப் பாய்ச்சி உருளையைக் குறித்த சூட்டுக்கு ஏற்றி, சில நிமிடம் நிறுத்தி, பிறகு உயரம் பாதியாகும்வரை அழுத்துவார்கள். அழுத்தி முடித்த கணத்திலேயே தண்ணீரைப் பாய்ச்சிக் குளிரவைக்க வேண்டும். தாமதித்தால் சூட்டில் மணிகள் தொடர்ந்து மாறிக்கொண்டிருக்கும். அழுத்தும்போது உண்டானது எது, பின்னால் உண்டானது எது என்று பிரிக்க முடியாமல் போகும்.

அழுத்தும் வேகத்தை எவ்வளவு விரிவாக மாற்றுகிறார்கள் என்பதைப் பாருங்கள். உருமாற்ற வேகம் நொடிக்கு 0.001 என்றால் உயரம் பாதியாகப் பதினோரு நிமிடத்துக்கும் மேல் ஆகும். நொடிக்கு 0.1 என்றால் ஏழு நொடி. நொடிக்கு 10 என்றால் ஒரு நொடியில் நூற்றில் ஏழு பங்கு நேரம்.

பின்னர் உருளையை நெடுக்காக அறுத்து நடுப்பகுதியைப் பார்ப்பார்கள். உருமாற்றம் மிகுதியாக நடப்பது நடுவில்தான்; தட்டுகளைத் தொட்டுக்கொண்டிருக்கும் முனைகளில் உராய்வு உலோகத்தை நகர விடாது. மெருகேற்றுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. அலுமினியம் மென்மை, துகள் கடினம். அவசரப்பட்டால் உலோகம் தேய்ந்து துகள் புடைத்து நிற்கும், அல்லது துகள் பெயர்ந்து குழி விழும். அந்தக் குழியை அழுத்தத்தால் வந்த விரிசல் என்று தவறாகப் படித்துவிடும் ஆபத்து உண்டு. வைரப் பசையில் படிப்படியாகத் தேய்த்து, கடைசியில் நுண்ணிய சிலிக்கா கரைசலில் முடிப்பார்கள். அதன் பிறகு எலக்ட்ரான் நுண்ணோக்கியில், ஒவ்வொரு புள்ளியிலும் படிகத் திசையை அளந்து நிறம் கொடுக்கலாம்.

450 டிகிரியில் ஏழு நொடியில் அழுத்திய உருளையில் பெரும்பாலும் இதமான காட்சி தெரியும். துகள்கள் தம் நீண்ட பக்கத்தை அழுத்தும் திசைக்குக் குறுக்கே திருப்பிப் படுத்திருக்கும். குவியல்கள் தளர்ந்து அவற்றினூடே உலோகம் புகுந்திருக்கும். துகள்களுக்கு இடைப்பட்ட உலோகத்தில் துணைமணிகள். துகள்களின் ஓரங்களில் சிறு மணிகளின் கொத்துகள்.

300 டிகிரியில், நொடியில் நூற்றில் ஏழு பங்கு நேரத்தில் அழுத்திய உருளை வேறு கதை சொல்லும். சூடு குறைவு, வேகம் அதிகம். உலோகம் இறுக்கமாக எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பில் பெரும்பங்கைத் துகள்கள் சுமக்க வேண்டியிருக்கிறது. பெரிய துகள்கள் முதலில் பிளக்கும், ஏனென்றால் பெரிய துகளுக்குள் ஏற்கெனவே ஒரு நுண்விரிசல் இருக்க வாய்ப்பு அதிகம். நீண்டு மெலிந்த துகள்களும் தப்புவதில்லை. அதோடு, செலவிட்ட வேலையின் பெரும்பகுதி வெப்பமாகிறது. இவ்வளவு குறுகிய நேரத்தில் அது வெளியேற முடியாது. சராசரித் தகைவை 150 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொண்டால் உலோகம் தன்னால் சுமார் 40 டிகிரி சூடேறும். சூடேறிய இடம் இளகும், இளகிய இடத்திலேயே மேலும் ஓட்டம் குவியும், அது இன்னும் சூடேறும். முடிவில் உருளையின் ஊடே சாய்வாக ஒரு குறுகிய பட்டையில் மட்டும் உருமாற்றம் நடந்திருக்கும். அந்தப் பட்டைக்குள் உடைந்த துகள்களும் வெற்றிடங்களும் வரிசையாகத் தெரியும்.

அப்படியானால் சூட்டை ஏற்றிக்கொண்டே போகலாமா என்றால் அதற்கும் எல்லை உண்டு. செம்பும் மக்னீசியமும் சேர்ந்த 2000 வரிசைக் கலவைகளிலும், துத்தநாகம் சேர்ந்த 7000 வரிசைக் கலவைகளிலும், மணி எல்லைகளில் முதலில் உருகும் பகுதிகள் இருக்கும். அவை இளகியதும் உலோகம் எல்லைகள் வழியே கிழியும். மிகுந்த சூட்டில் மெதுவாக இழுத்தால் துகளும் உலோகமும் சேரும் இடம் பிரிந்து குழி உண்டாகும். சூடு குறைந்தால் துகள் உடைகிறது, மிஞ்சினால் பிணைப்பு விடுகிறது.

அழுத்தும் விதமும் முக்கியம்

ஒரே சூட்டில், ஒரே வேகத்தில் அழுத்தினாலும் எல்லாச் செயல்முறைகளும் ஒன்றல்ல. திறந்த தட்டுகளுக்கிடையே நசுக்கும்போது உருளையின் வயிறு புடைக்கும். புடைத்த தோலில் இழுவிசை உண்டாகி விரிசல் விழும். எக்ஸ்ட்ரூஷனில் பொருள் நாலாபக்கமும் அழுத்தப்பட்டிருப்பதால் விரிசல் திறக்க இடம் குறைவு. துகள் பிளந்தாலும் அந்தப் பிளவுக்குள் இளகிய அலுமினியம் தள்ளப்பட்டு நிரம்பிவிடுவதுண்டு. வார்ப்பில் வந்த துளைகளும் மூடுகின்றன. பரப்பை இருபதில் ஒரு பங்காகக் குறைக்கும் எக்ஸ்ட்ரூஷனில், உருளையைப் பாதி உயரத்துக்கு நசுக்குவதைப் போல நாலு மடங்குக்கும் மேல் உருமாற்றம் நடக்கிறது. குவியலைக் கலைக்கவும் ஆக்சைடு தோலைக் கிழிக்கவும் இவ்வளவு உருமாற்றம் தேவைப்படுகிறது. கூட்டுப்பொருளை முதலில் எக்ஸ்ட்ரூஷன் செய்து உள்ளே சீர்ப்படுத்தி, அதன்பின் ஃபோர்ஜிங் எனப்படும் சூட்டில் அடிக்கும் முறையில் இறுதி வடிவம் கொடுப்பது இதனால்தான் நல்ல ஒழுங்கு. யூரோகாப்டர் இசி120 ஹெலிகாப்டரில் சுழலும் இறக்கையைத் தாங்கும் உறை, 15 சதவீதம் சிலிக்கான் கார்பைடு சேர்ந்த அலுமினியக் கூட்டுப்பொருளை ஃபோர்ஜிங் செய்து உருவாக்கப்பட்டது. ஒவ்வொரு சுழற்சியிலும் விசை மாறிக்கொண்டிருக்கும் இடம் அது. குவியல் ஒன்று மிச்சமிருந்தாலும் சோர்வு விரிசல் அங்கேதான் தொடங்கும்.

எக்ஸ்ட்ரூஷனுக்கும் விலை உண்டு. துகள்கள் இழுக்கும் திசையில் அணிவகுக்கும். குவியல்கள் முழுதாகக் கலையாவிட்டால் நீண்டு பட்டைகளாகும். துகள் செறிந்த ஒரு வரி, துகள் இல்லாத ஒரு வரி என்று மாறி மாறி வரும். அப்படிப்பட்ட பொருள் நெடுக்கில் வலுவாகவும் குறுக்கில் பலவீனமாகவும் இருக்கும். டையின் ஓரத்தில் உராய்வால் சூடு ஏறுவதால், வேகத்தைக் கூட்டினால் வெளித்தோல் கிழியும். துகள்கள் டையையும் அரித்துத் தின்னும்.

பெங்களூரில் வளர்ந்த வரைபடம்

சூடு, வேகம் என்ற இரண்டு அச்சுகளில் எது பாதுகாப்பான இடம், எது ஆபத்தான இடம் என்று ஒரே பார்வையில் காட்டும் வரைபடம் இருந்தால் தொழிற்சாலைக்கு எவ்வளவு உதவியாக இருக்கும்! அந்த வரைபடத்தை உருவாக்கியதில் இந்தியாவின் பங்கு பெரிது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஒய். வி. ஆர். கே. பிரசாத், அமெரிக்க விமானப்படை ஆய்வகத்தின் கெகல் முதலானோருடன் சேர்ந்து 1984-இல் ஒரு டைட்டானியக் கலவைக்கு இதை முதலில் வரைந்தார். பிறகு பெங்களூரில் பல ஆண்டுகள் உழைத்து, அலுமினியக் கூட்டுப்பொருள்கள் உள்ளிட்ட ஏராளமான உலோகங்களுக்கு வரைபடங்களைத் தயாரித்தார். 1997-இல் பிரசாதும் சசிதராவும் அவற்றைத் தொகுத்து நூலாக்கினார்கள். உலகெங்கும் சூட்டு உருமாற்றம் படிப்பவர்கள் கையில் எடுக்கும் நூல் அது.

அடிப்படைக் கருத்து இது. நாம் செலுத்தும் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகிறது, இன்னொரு பகுதி நுண்கட்டமைப்பை மாற்றுவதில் செலவாகிறது. வேகத்தை மாற்றினால் உலோகத்தின் எதிர்ப்பு எவ்வளவு மாறுகிறது என்பதை அளந்தால், இரண்டாம் பகுதியின் விழுக்காட்டைக் கணக்கிடலாம். உருளைகளை வெவ்வேறு சூட்டிலும் வேகத்திலும் நசுக்கி, கிடைத்த விழுக்காடுகளைச் சமஉயரக் கோடுகளாக வரைகிறார்கள். அதன்மேல், ஓட்டம் ஒரே இடத்தில் குவிந்து நிலைகுலையும் பகுதிகளைத் தனியே குறிக்கிறார்கள்.

வரைபடத்தில் விழுக்காடு உயர்ந்த மேடுகள் எல்லாம் நல்ல இடங்கள் என்று நம்பிவிடக் கூடாது. மறுபடிகமாதலும் ஆற்றலை உறிஞ்சும், மணி எல்லைகளில் விரிசல் திறப்பதும் ஆற்றலை உறிஞ்சும். எண் ஒன்றுபோலவே இருக்கும். எது நடந்தது என்று நுண்ணோக்கியில் பார்த்துத்தான் சொல்ல முடியும். இந்த முறையின் கோட்பாட்டு அடித்தளத்தை மாந்தேயே, ஜோனாஸ், நீல் ஆகியோர் 1996-இல் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். அந்த விவாதம் முறையைக் கைவிடச் செய்யவில்லை. நுண்ணோக்கிச் சான்றோடு சேர்த்தே வரைபடத்தைப் படிக்க வேண்டும் என்பதை அழுத்தமாக உணர்த்தியது. வரைபடம் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லும். பார்க்க வேண்டியவர் நாம்.

கல் கலந்த உலோகம் மூன்று மடங்கு நீள்கிறது

வளையாத துகள் நிறைந்த பொருள் வெறும் உலோகத்தைவிடக் குறைவாகத்தான் நீளும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. அறை வெப்பநிலையில் அது உண்மைதான். 1984-இல் நியே, ஹென்ஷால், வாட்ஸ்வொர்த் என்ற ஆய்வாளர்கள் மூவர் வெளியிட்ட சோதனை இந்த எதிர்பார்ப்பைத் தலைகீழாக்கியது. 2124 அலுமினியக் கலவையில் 20 சதவீதம் சிலிக்கான் கார்பைடு நுண்ணிழைகள் கலந்த பொருளை 525 டிகிரியில் இழுத்தார்கள். உடையும் முன் அது தன் நீளத்தோடு சுமார் 300 சதவீதம் கூடுதலாக நீண்டது. வேகமோ நொடிக்கு 0.33. உலோகங்கள் இப்படி மிதமிஞ்சி நீளும் மீநெகிழ்வு, வழக்கமாக இதைவிட நூறு மடங்குக்கும் மேல் மெதுவாக இழுத்தால்தான் கிடைக்கும்.

மணிகள் ஒரு மைக்ரான் அளவுக்குச் சிறியதாக இருந்ததும், துகள்கள் அவற்றைச் சூட்டில் வளர விடாமல் பிடித்திருந்ததும் இதற்குக் காரணங்கள். மணிகள் உருமாறாமல் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் சென்றன. அந்த வெப்பநிலையில் துகளின் ஓரத்தில் மிக மெல்லிய திரவப் படலம் உண்டாகி வழுக்கலுக்கு உதவியதா என்பது பற்றிப் பின்னர் ஜப்பானிய ஆய்வாளர்கள் உட்படப் பலர் நிறைய ஆராய்ந்தார்கள். துகளைத் தடையாக மட்டும் பார்க்கும் பழக்கத்தை இந்தச் சோதனை மாற்றியது. சரியான சூட்டிலும் வேகத்திலும் அதே துகள் ஓட்டத்துக்குத் துணையாகிறது.

ஆறும்போதும் மாற்றம் நிற்பதில்லை

அழுத்தி முடித்தாயிற்று, பொருள் குளிர்கிறது. இப்போதும் உள்ளே வேலை நடக்கிறது. அலுமினியம் ஒவ்வொரு டிகிரிக்கும் பத்து லட்சத்தில் 23 பங்கு சுருங்கும். சிலிக்கான் கார்பைடு ஏறக்குறைய நாலரைப் பங்கு. 450 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு வரும்போது, பத்து மைக்ரான் துகளைச் சுற்றியுள்ள உலோகம் துகளைவிடச் சுமார் 80 நானோமீட்டர் கூடுதலாகச் சுருங்க முயலும். அலுமினியத்தில் ஓர் இடப்பிறழ்வு நகர்த்தும் படி 0.286 நானோமீட்டர்தான். அதாவது 270-க்கும் மேற்பட்ட அணுப் படிகளுக்கு ஈடான முரண் அந்தச் சிறு துகளின் அகலத்திலேயே எழுகிறது. உலோகம் மீள்தன்மையில் தாங்கக்கூடிய அளவைவிட இது மிக அதிகம். துகளின் ஓரத்திலிருந்து புதிய இடப்பிறழ்வுகள் அலையலையாக வெளியேறும். 1980-களில் ஆய்வாளர் ஆர்சனால்ட்டும் உடனிருந்தவர்களும் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள்ளேயே மாதிரியைச் சூடாக்கிக் குளிரவைத்து, இடப்பிறழ்வுகள் பிறப்பதை நேரில் கண்டார்கள்.

இதன் விளைவு வெப்பப் பதனிடலில் தெரியும். அலுமினியக் கலவைகளுக்கு இறுதி வலிமை தருபவை, மிதமான சூட்டில் வைத்திருக்கும்போது உள்ளே படியும் நுண்படிவுகள். இடப்பிறழ்வுகள் அந்தப் படிவுகளுக்கு விதைநிலம். கூட்டுப்பொருளில் அவை நிறைய இருப்பதால் வலிமை உச்சத்தைத் தொடும் நேரம் பல கலவைகளில் குறைகிறது. துகள் இல்லாத கலவைக்கு வகுத்த கால அளவை அப்படியே பின்பற்றினால் உச்சத்தைத் தாண்டிப்போய் வலிமை சரியத் தொடங்கிவிடும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு, அலுமினியக் கூட்டுப்பொருளைக் கலவையின் பெயரையும் துகளின் சதவீதத்தையும் வைத்து மட்டும் அடையாளம் காட்டுவது போதாது என்பது தெளிவாகும். 6092 கலவை, 17.5 சதவீதம் சிலிக்கான் கார்பைடு என்று ஒரே விவரம் எழுதப்பட்ட இரண்டு தகடுகளில், ஒன்றில் சீரான மணிகளும் முழுத் துகள்களும் இருக்கலாம். மற்றொன்றில் பட்டைகளும் பிளந்த துகள்களும் ஒளிந்திருக்கலாம். வெளி அளவுகளை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் வேறுபாடு தெரியாது. அந்தப் பொருள் எத்தனை டிகிரியில், எவ்வளவு வேகத்தில், எவ்வளவு தூரம் உருமாறியது, எப்படிக் குளிர்ந்தது என்ற வரலாறும் அதன் அடையாளத்தின் பகுதியாக வேண்டும். உயிரை ஒப்படைத்து ஏறும் இயந்திரங்களில் இந்தப் பொருளைப் பொருத்தும்போது, அந்த வரலாற்றைக் குறித்துவைப்பதும் நுண்ணோக்கியில் சரிபார்ப்பதும் வடிவமைப்புத் தாளில் எழுதப்படும் நீள அகலங்களுக்கு இணையான கடமை.